சரக்கு தேறவில்லை: துறைமுகத்தில் அடுத்து என்ன?

சரக்கு சோதனையில் தேறவில்லை என்று கஸ்டம்ஸ் ஏஜென்ட் போனில் சொன்னதும் யாருக்கும் கையும் ஓடாது, காலும் ஓடாது. போட்ட பணம் முழுக்க அந்தக் கன்டெய்னருக்குள் இருக்கும். முன்பணம் கொடுத்த கடைக்காரர்கள் தினமும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் வாய்வார்த்தையை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். நிறுத்தியது எந்தத் துறை, எந்த விதியின் கீழ், என்ன காரணத்துக்காக என்பது எழுத்தில் உங்கள் கைக்கு வர வேண்டும். ஏஜென்டிடம் இன்றைக்கே அதைக் கேட்டு வாங்குங்கள். இனிமேல் சொல்லப்போகிற வழிகளில் எது உங்களுக்குத் திறந்திருக்கிறது என்பதை அந்தத் தாளில் எழுதியிருக்கும் காரணம்தான் முடிவு செய்யும்.

"கஸ்டம்ஸ்ல பிடிச்சுட்டாங்க" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் பிடித்தது வேறொரு துறை. உணவுப் பொருள் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., மரத்தடி, விதை, முந்திரிக்கொட்டை என்றால் பிளான்ட் குவாரன்டைன், மருந்து என்றால் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம், பொம்மையும் மின்னணுச் சாதனமும் என்றால் பி.ஐ.எஸ். விதிகள். 2016-இல் வந்த ஒற்றைச் சாளர முறைப்படி, பில் ஆஃப் என்ட்ரி போட்டதுமே அது இந்தத் துறைகளுக்கும் கணினி வழியாகப் போய்விடுகிறது. அவர்கள் என்.ஓ.சி. தராதவரை சென்னை ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸில் யாராலும் சரக்கை விடுவிக்க முடியாது. ஆகவே குறையைத் தீர்ப்பது பற்றிய பேச்சு அந்தத் துறையோடு நடக்க வேண்டும். சரக்கின் மீது வரும் சட்ட நடவடிக்கைக்குக் கஸ்டம்ஸிடம் பதில் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு போட்டுவிடுங்கள்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. சுங்கச் சட்டம் 1962-இன் பிரிவு 2(33), தடை செய்யப்பட்ட பொருள் என்றால் என்ன என்று சொல்கிறது. அபின், ஆயுதம் போன்றவற்றுக்கு மட்டும் உரியது அது என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு பொருளை இறக்குமதி செய்ய விதிக்கப்பட்ட நிபந்தனை நிறைவேறாவிட்டால் அதுவும் தடை செய்யப்பட்ட பொருளாகவே கருதப்படும் என்று ஓம் பிரகாஷ் பாட்டியா வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரண பிஸ்கட்டும், தரச் சான்று கிடைக்காத நிலையில், இந்தப் பிரிவுக்குள் வரலாம். அப்படி வந்தால் பிரிவு 111-இன் கீழ் பறிமுதல், பிரிவு 112-இன் கீழ் அபராதம் என்று விஷயம் நீளும்.

முதலில் கன்டெய்னரைக் காலி செய்யுங்கள்

வழக்கையும் மறுஆய்வையும் பற்றி யோசிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. நின்றுபோன சரக்குக்கு ஒரே நேரத்தில் இரண்டு மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். சரக்கு வைத்திருக்கும் சி.எஃப்.எஸ். கேட்கும் வாடகையும் டெமரேஜும் ஒன்று. கன்டெய்னரைத் திருப்பித் தராததற்காக ஷிப்பிங் லைன் கேட்கும் டிடென்ஷன் இன்னொன்று. இரண்டாவதுதான் ஆளை முழுங்கும். நாள் ஏற ஏற அதன் விகிதமும் ஏறும், அதையும் பெரும்பாலும் டாலரில் கணக்கிடுவார்கள். நாளொன்றுக்கு 60 டாலர் என்று வைத்துக்கொண்டாலே 40 நாளுக்கு 2,400 டாலர். மறுஆய்வில் நீங்கள் ஜெயித்தாலும் இந்தப் பணம் திரும்பி வராது.

இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. சரக்கு நியாயமான காலத்துக்குள் வெளியே வர வாய்ப்பில்லை என்றால், வரி கட்டாமலேயே அதைப் பொதுக் கிடங்கில் வைக்கப் பிரிவு 49 அனுமதிக்கிறது. முதலில் 30 நாள். பிறகு ஆணையர் ஒவ்வொரு தடவையும் 30 நாள்வரை நீட்டித்துக் கொடுக்கலாம். சாம்பிள் எடுத்த கையோடு இதற்கு மனு கொடுங்கள். சரக்கைக் கிடங்கில் இறக்கி, காலிக் கன்டெய்னரை லைனிடம் ஒப்படைத்து, ரசீதை வாங்கி வையுங்கள். குளிர்சாதனக் கன்டெய்னரில் வந்த சரக்கு என்றால், குளிர்பதன வசதியுள்ள கிடங்கில் இடம் உண்டா என்று கப்பல் கரை சேருவதற்கு முன்பே விசாரித்து வைத்திருக்க வேண்டும். உயிருள்ள பூச்சி கண்டுபிடிக்கப்பட்ட சரக்கு மட்டும் இதில் விதிவிலக்கு. புகைமூட்டம் முடியாமல் அதை நகர்த்தக் கேட்காதீர்கள், கேட்பதே தவறு.

டெமரேஜ் தள்ளுபடி பற்றி ஒரு வார்த்தை. கஸ்டம்ஸ் நிறுத்திவைத்த சரக்குக்குப் பாதுகாவலர், அதாவது அதை வைத்திருக்கும் சி.எஃப்.எஸ்., வாடகை கேட்கக் கூடாது என்று 2009-இன் சரக்கு கையாளும் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. பதிவு விவரங்களைச் சரிபார்ப்பதற்காக நிறுத்தி, அவை சரியென்று தெரிந்தால், லைனும் டிடென்ஷன் கேட்கக் கூடாது என்று 2018-இன் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. இதற்கான சான்றிதழுக்கு விண்ணப்பம் போடுங்கள். ஆனால் அதை நம்பி நாட்களை ஓட்டாதீர்கள். சரக்கை நிறுத்தியது நியாயமற்றது என்றாலும் பாதுகாவலர் டெமரேஜ் கேட்கலாம் என்று 1995-இல் கிராண்ட் ஸ்லாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைக் காட்டி மறுப்பவர்கள் இன்றும் உண்டு. குறை சரக்கில்தான் என்று முடிவானால் சலுகை கேட்கவும் வாய் வராது.

லேபிள் குறை

உணவுப் பொருளில் மிகச் சாதாரணமாக வரும் நிராகரிப்பு இது. பாதி வழக்குகளில் சரி செய்யக்கூடியது, மீதியில் முடியாது. கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்க ஓர் அட்டைப்பெட்டியைத் திறப்போம்.

மலேசியாவிலிருந்து வந்த பிஸ்கட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொருள்கூறுப் பட்டியல், ஊட்டச்சத்து அட்டவணை, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் அச்சாகியிருக்கின்றன. உங்கள் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இல்லை. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் இல்லை. சைவத்தைக் குறிக்கும் பச்சைக் குறியும் இல்லை. இந்த மூன்றும் திருத்தக்கூடிய குறைகள். கஸ்டம்ஸ் கட்டுப்பாட்டில் உள்ள கிடங்கிலேயே, மூல லேபிளில் எதையும் மறைக்காமல், பிய்த்தெடுக்க முடியாத ஒரே ஸ்டிக்கராக ஒட்டலாம். ஒட்டி முடித்ததும் அதிகாரி மறுபடி பார்த்துத்தான் சாம்பிள் எடுப்பார். சில்லறைப் பாக்கெட் என்பதால் எம்.ஆர்.பி., நிகர எடை, தயாரிப்பு நாடு, நுகர்வோர் புகார் எண் ஆகியவை எடையளவுச் சட்டத்துக்காகவும் வேண்டும். அவற்றையும் அப்போதே சேர்த்துவிட்டால் இரட்டை வேலை மிச்சம்.

அதே பாக்கெட்டில் தயாரித்த தேதியோ பேட்ச் எண்ணோ பொருள்கூறுப் பட்டியலோ இல்லை என்றால் ஸ்டிக்கர் ஒட்டி ஈடுகட்ட முடியாது. தொழிற்சாலையிலிருந்து மெயிலில் வாங்கி இங்கே அச்சடித்துவிடலாமே என்று தோன்றும். அந்தத் தேதி உண்மைதானா என்று துறைமுகத்தில் யாருக்கும் சொல்ல முடியாது. அதனால்தான் விதி அதற்கு இடம் தரவில்லை. ஆயுள் பற்றிய விதியும் இதோடு சேர்ந்தது. மொத்த ஆயுளில் 60 சதவீதம், அல்லது காலாவதிக்கு முன் 3 மாதம், இவற்றில் எது குறைவோ அதுவாவது மிச்சம் இருக்க வேண்டும். கடலில் வரும் நாட்களைக் கணக்கில் எடுக்காமல், தள்ளுபடி விலையில் கிடைக்கிறதென்று பழைய சரக்கை வாங்குபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

தேதியைத் துடைத்து வேறு தேதி அடித்துத் தருகிறேன் என்று சொல்லி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை உள்ளே விடாதீர்கள். அந்தப் பாக்கெட்டை ஒரு பிள்ளை பிரித்துச் சாப்பிடும். அதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

ஆய்வகத்தில் தவறியது

சாம்பிள் எடுக்கும்போது நீங்களோ உங்கள் ஆளோ கட்டாயம் பக்கத்தில் இருங்கள். சாம்பிளை இரண்டு பாகமாகப் பிரித்து முத்திரை வைப்பார்கள். ஒரு பாகம் ஆய்வகத்துக்குப் போகும், இன்னொன்று அதிகாரியிடம் இருக்கும். பின்னால் முடிவை எதிர்த்து மனு போட்டுக் கட்டணம் கட்டினால், பரிந்துரை ஆய்வகத்துக்குப் போவது அதிகாரியிடம் இருக்கும் அந்த இரண்டாவது பாகம்தான். சரக்கிலிருந்து புதிதாக எடுத்து அனுப்பமாட்டார்கள். அதனால் எந்த மூட்டையிலிருந்து எடுத்தார்கள், முத்திரை ஒழுங்காக விழுந்ததா, குளிரில் வைக்க வேண்டிய சாம்பிள் குளிரில் போனதா என்பதையெல்லாம் அன்றைக்கே பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ. அப்படியொரு பரிந்துரை ஆய்வகம். அங்கே வரும் முடிவே இறுதி.

மறுஆய்வு கேட்கலாமா வேண்டாமா என்பதைக் கோபத்தில் முடிவு செய்யக் கூடாது. அறிக்கையில் உள்ள எண்ணைப் பாருங்கள். கொட்டைப் பருப்புகளில் வரும் அஃப்லடாக்சினை எடுத்துக்கொள்வோம். மேலும் பதப்படுத்தப்பட இருக்கும் பருப்புக்கு வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம், அப்படியே சாப்பிடும் பருப்புக்கு 10. இந்தப் பூஞ்சை நச்சு சரக்கு முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்காது. மூட்டையில் பூஞ்சை பிடித்த சில பருப்புகளில் மட்டும் குவிந்து கிடக்கும். அதனால் அரைத்துக் கலக்காத பருப்பின் இரண்டு பாகங்களும் இரண்டு விதமான எண் காட்டுவது நடக்கக்கூடியதே. முதல் அறிக்கை 17 என்றால் மறுஆய்வுக்கு அர்த்தமுண்டு; இரண்டாவது எண் முதலாவதைவிட மேலேயும் போகலாம் என்பதைத் தெரிந்துகொண்டே கேட்க வேண்டும். 90 என்று வந்திருந்தால் கட்டணமும் நாளும் வீண். அனுமதிக்கப்படாத நிறமி கலந்த சாஸ், மிட்டாய் போன்றவை வேறு ரகம். அவற்றில் பொருள் சீராகக் கலந்திருப்பதால் இரண்டாவது பாகமும் பெரும்பாலும் அதையேதான் சொல்லும்.

வரம்பு எந்த வகைக்கு உரியது என்றும் சரிபாருங்கள். நொறுக்குத்தீனி ஆலைக்குப் போகும் மூலப்பொருளை நேரடியாகச் சாப்பிடும் பொருளாகப் பதிவு செய்துவிட்டால், தேறியிருக்க வேண்டிய சரக்கு தவறிவிடும். அப்படியென்றால் மறுஆய்வு மனுவில் வாதாட வேண்டியது எண்ணைப் பற்றி அல்ல, வகைப்படுத்தியதைப் பற்றி.

பூச்சி, மரச்சட்டம்

தூத்துக்குடிக்கு வரும் முந்திரிக்கொட்டையிலும் மரத்தடியிலும் உயிருள்ள பூச்சி இருந்தால் வழி ஓரளவு நேரானது. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் மெத்தில் புரோமைடு புகைமூட்டம் போடும். காற்றோட்டம் கொடுத்த பிறகு மறுபடி ஆய்வு நடக்கும், தேறினால் விடுவிப்பார்கள். புறப்பட்ட நாட்டிலேயே புகைமூட்டம் போடாமலோ, பைட்டோசானிட்டரி சான்றிதழ் இல்லாமலோ வந்தால் செலவு கூடும், சில வகைகளில் திருப்பி அனுப்பச் சொல்வதும் உண்டு. சரக்கு சுத்தமாக இருந்தும் அதைத் தாங்கும் மரப் பலகையில் கோதுமைக் கதிர் முத்திரை இல்லாததால் நிற்கும் கன்டெய்னர்களும் உண்டு. அந்த முத்திரையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு, பார்த்த பிறகு ஏற்றச் சொன்னால் போதும்.

திருத்தவே முடியாதவை

பாரிமுனை மொத்த வியாபாரிகள் பலருக்கு 2021 ஜனவரி 1 மறக்காது. அன்றிலிருந்து பொம்மைகளுக்கு பி.ஐ.எஸ். சான்று கட்டாயமானது. இதில் புரிந்துகொள்ள வேண்டியது, அந்த உரிமம் வெளிநாட்டுத் தொழிற்சாலைக்குத் தரப்படுவது. அந்தத் தொழிற்சாலையைப் பரிசோதித்த பிறகே முத்திரை போடும் உரிமை கிடைக்கும். சென்னையில் இறங்கிவிட்ட பொம்மையை இங்கே எத்தனை ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் அந்த உரிமம் பின்தேதியில் முளைக்காது. கட்டாயப் பதிவின் கீழ் வரும் சார்ஜர், பவர் பேங்க் போன்ற மின்னணுப் பொருட்களுக்கும் இதே நிலைதான். பதிவில்லாமல் வந்தால் இறக்குமதியாளர் திருப்பி அனுப்ப வேண்டும். தவறினால் பயன்படுத்த முடியாதபடி சிதைத்துக் கழிவாக விற்கக் கஸ்டம்ஸுக்கு அதிகாரம் உண்டு. இங்கே வாதாடிப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால், ஆகும் நாளுக்கு டிடென்ஷன் எவ்வளவு என்று கூட்டிக் காட்டுங்கள்.

வெளியே போகும் மூன்று வழிகள்

திருத்தமும் மறுஆய்வும் இல்லை என்றான பிறகு மிஞ்சுவது திருப்பி அனுப்புவது, அழிப்பது, உரிமையைக் கைவிடுவது.

திருப்பி அனுப்புவதே பெரும்பாலும் நட்டம் குறைந்த வழி. கஸ்டம்ஸ் நோட்டீஸ் அனுப்பும்வரை காத்திருக்காமல் நீங்களாகவே முந்திக்கொண்டு எழுதுங்கள். என்ன சரக்கு, எந்தத் துறையின் எந்த உத்தரவு, நிபந்தனை நிறைவேறவில்லை என்பதை ஏற்கிறோம், உள்நாட்டுச் சந்தைக்குள் விடும் எண்ணமில்லை, திருப்பி அனுப்ப அனுமதி வேண்டும் என்று ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம். அனுப்பியவர் திரும்பப் பெற ஒப்புக்கொண்ட கடிதத்தை இணையுங்கள். பறிமுதலுக்கு முன் நோட்டீஸ் கொடுக்கச் சொல்லும் பிரிவு 124, நீங்கள் கேட்டுக்கொண்டால் அந்த நோட்டீஸும் உங்கள் பதிலும் வாய்மொழியாகவே இருக்கலாம் என்கிறது. எழுத்து நோட்டீஸ் வேண்டாம், நேரில் விசாரித்து உத்தரவு போட்டால் போதும் என்று கடிதத்திலேயே கேட்டால் மாதக்கணக்கில் மிச்சமாகும். குற்றச்சாட்டின் விவரங்களில் உங்களுக்கு மறுப்பு இருந்தால் மட்டும் இதைக் கேட்காதீர்கள், வக்கீலிடம் போங்கள். திருப்பி அனுப்ப அனுமதிக்கும்போதும் அபராதம் போடுவது உண்டு. அதற்கும் பணம் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமையைக் கைவிட பிரிவு 23(2) இடம் தருகிறது. விடுவிப்பு உத்தரவு வருவதற்கு முன்பே கைவிட்டால் வரி கட்ட வேண்டியதில்லை. சட்ட மீறல் நடந்ததாகத் தெரியும் சரக்குக்கு இந்த வசதி கிடையாது. லைனுக்கும் சி.எஃப்.எஸ்.ஸுக்கும் தர வேண்டியது அப்படியே நிற்கும். கைவிட்டேன் என்று எழுதிக் கொடுத்ததோடு எல்லாம் முடிந்தது என்று போனை அணைத்துவைப்பவர்கள் பிறகு வக்கீல் நோட்டீஸ் வாங்குகிறார்கள்.

யாரும் முடிவெடுக்காமல் கிடக்கும் சரக்கு என்ன ஆகும் என்பதற்கு மணலியே சாட்சி. தென்கொரியாவிலிருந்து வந்த சுமார் 740 டன் அமோனியம் நைட்ரேட் 2015-இல் உரிய உரிமம் இல்லையென்று பறிமுதல் செய்யப்பட்டு, 37 கன்டெய்னர்களில் அங்கிருந்த சரக்கு நிலையத்தில் வைக்கப்பட்டது. அந்த ஆண்டு வெள்ளத்தில் ஒரு பகுதி வீணானது. மீதி அப்படியே இருந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அதே வேதிப்பொருள் வெடித்து ஊரையே சிதைத்த பிறகுதான், மணலிச் சரக்கு ஏலம் விடப்பட்டு ஹைதராபாத்துக்கு ஏற்றப்பட்டது. ஐந்து வருடம் அது குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறது. உங்கள் சரக்கு வேதிப்பொருளாக இருந்தால், வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும்; சரக்கை எங்கே, எப்படிப் பத்திரமாக வைப்பது என்று தனியே மனு கொடுத்து உத்தரவு கேளுங்கள்.

உத்தரவு வந்த பிறகு

பறிமுதல் உத்தரவில் பிரிவு 125-இன் கீழ் மீட்பு அபராதம் கட்டிச் சரக்கை எடுக்க வாய்ப்பு தந்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். தடை செய்யப்படாத பொருள் என்றால் அந்த வாய்ப்பை அதிகாரி தந்தே ஆக வேண்டும். தடை செய்யப்பட்டது என்றால் தருவதும் மறுப்பதும் அவர் விருப்பம். இந்த வேறுபாட்டால் பலர் சரக்கை முழுதாக இழந்திருக்கிறார்கள். அளவுக் கட்டுப்பாட்டை மீறி வந்த பட்டாணி தொடர்பான ராஜ் குரோ இம்பெக்ஸ் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் முழுப் பறிமுதலையே உறுதி செய்தது. வாய்ப்பு தந்திருந்தால் 120 நாளுக்குள் கட்ட வேண்டும். மேல்முறையீடு எதுவும் நிலுவையில் இல்லாமல் அந்தக் கெடு தாண்டினால் வாய்ப்பு செல்லாது. மீட்பு அபராதம் கட்டுவதால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் மறுப்பு கரைந்துவிடாது. சாப்பிடத் தகாத பொருள் எவ்வளவு பணம் கட்டினாலும் கடைக்குப் போகாது.

மேல்முறையீட்டுக்கு 60 நாள், தகுந்த காரணம் இருந்தால் கூடுதலாக 30 நாள். வரியோ அபராதமோ சர்ச்சையில் இருந்தால் 7.5 சதவீதம் முன்கூட்டியே கட்ட வேண்டும். கெட்டுப்போகும் சரக்குக்கு இந்த வழி பெரும்பாலும் பயன்படாது. உங்கள் பெயரில் பதிந்த அபராதத்தை நீக்கவே உதவும்.

அனுப்பியவரும் வங்கியும்

சரக்குக்கு எல்.சி. திறந்திருந்தால், வங்கி பார்ப்பது ஆவணங்களைத்தான். ஆவணம் சரியாக இருந்தால் சரக்கு சோதனையில் தவறினாலும் பணம் போய்விடும். சாதாரண கடல் காப்பீடும் அரசுத் துறை நிராகரித்ததற்கு இழப்பீடு தராது. ஆகவே அடுத்த ஆர்டரின் ஒப்பந்தத்தில், இந்தியத் துறையின் நிராகரிப்பு உத்தரவே சரக்கைத் திருப்புவதற்குப் போதுமான காரணம், திரும்பும் கப்பல் கட்டணம் விற்றவர் பொறுப்பு, ஏற்றும் முன் லேபிளின் அச்சுப் படிக்கு வாங்குபவர் ஒப்புதல் வேண்டும் என்ற மூன்றையும் எழுதிவிடுங்கள். முதல் ஆர்டராக இருந்தால் முழுப் பணத்தையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள்.

ஏற்கெனவே அனுப்பிய பணத்துக்கு, இறக்குமதிப் பணத்தைக் கண்காணிக்கும் ஐ.டி.பி.எம்.எஸ். முறையில் வங்கியின் பதிவு திறந்தே இருக்கும். சரக்கைத் திருப்பி அனுப்பினால் ஷிப்பிங் பில், கஸ்டம்ஸ் உத்தரவு, விற்றவர் பணத்தைத் திருப்பித் தருவதாகவோ மாற்றுச் சரக்கு அனுப்புவதாகவோ ஒப்புக்கொண்ட கடிதம் ஆகியவற்றை வங்கிக் கிளையின் அந்நியச் செலாவணிப் பிரிவில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். இதைச் செய்யாமல் விட்டால் அடுத்த சரக்குக்குப் பணம் அனுப்பப் போகும்போதுதான் பழைய பதிவு குறுக்கே நிற்பது தெரியவரும். பதிவு மூடப்பட்டதாக வங்கி எழுத்தில் சொல்லும்வரை இந்தக் கோப்பை மூடாதீர்கள்.